முழங்கை மடிப்பில் ஒரு ரத்தக்கட்டு: அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் எடுத்தபோது நடந்தது

நோயாளி

வயது 46. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை ஏலத்தில் மீன் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர் பக்கம் தெருத்தெருவாகப் போய் விற்கிறவர். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. ஒன்பது வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் அறுவை சிகிச்சை செய்து உலோக வால்வு வைத்தார்கள். இதயத்துடிப்பும் சீராக இல்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து தினமும் இரவு ஒரு அசிட்ரோம் மாத்திரை.

அசிட்ரோமில் இருப்பது அசினோகூமரால், ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. உலோக வால்வின் மேல் ரத்தம் உறைந்து ஒட்டாமல் காப்பது இதுதான். அளவு கூடினால் எங்கேயாவது ரத்தம் கசியும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளலாம், உறைவு மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். எனவே மாதம் ஒருமுறை பி.டி.-ஐ.என்.ஆர். சோதனை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஒரு எண்ணாகச் சொல்லும் சோதனை இது. எண் ஏறினால் உறைவது தாமதமாகிறது என்று அர்த்தம். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு இந்த எண் 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை என்று வைத்தாலே ஒன்பது வருடத்தில் நூறு தடவைக்கு மேல் ஊசி. பெரும்பாலும் வலது கையில், ஒரே இடத்தில். இடது கையில் ரத்தக்குழாய் தெரியாது என்று ஆரம்பத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் எங்கே போனாலும் வலது கையையே நீட்டிப் பழகிவிட்டார்.

அன்று காலை

ஜூன் மாதக் கடைசி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு, படகுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். ஒரு காலை வியாபாரத்தை விட யாருக்கும் மனம் வராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரத்தம் எடுத்த பிறகு பத்து நிமிடம் உட்கார அவருக்கு நேரம் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். ஆய்வகத்தில் யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

சர்க்கரையும் பார்க்க வேண்டியிருந்ததால் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஏலம் முடிந்து, வாங்கிய மீனைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனார். காலை ஏழரை மணி. வரிசையில் ஏழெட்டுப் பேர். ரத்தம் எடுக்க ஒரே ஒரு இளைஞர், ஒரே ஒரு நாற்காலி. பெயர், வயது, என்ன டெஸ்ட் என்று கேட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

வழக்கமான இடத்தில் முதல் ஊசி. ரத்தம் வரவில்லை. சிரை புடைக்க மேற்கையில் இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கெட்டை அவிழ்க்காமலே, முழங்கை மடிப்பின் உள்பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கமாக, தோலுக்கடியில் பச்சையாகத் தெரிந்த ஒரு சிரையில் இரண்டாவது ஊசி. அப்போது நடந்ததை அவர் இப்படிச் சொன்னார்:

"குத்தின உடனே விரல் வரைக்கும் சுரீர்னு கரண்ட் அடிச்சது டாக்டரம்மா. 'தம்பி, கரண்ட் அடிக்குது'ன்னு கையை இழுத்தேன். 'ஆட்டாதீங்க அக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க, வந்துடுச்சு'ன்னு ஊசியை உள்ளேயே லேசா அசைச்சாரு. அப்புறம் ரத்தம் வந்துச்சு, ஆனா மெதுவாத்தான் வந்துச்சு."

ஐந்து மில்லி சிரிஞ்சில் மூன்று மில்லியைக் கொஞ்சம் தாண்டி வந்ததோடு நின்றுவிட்டது. பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லி அனுப்பினார்கள். மடக்கிய கையோடு ஷேர் ஆட்டோவில் ஏறியவர், இறங்கியதும் பஞ்சைப் போட்டுவிட்டு மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தூக்கினார்.

மத்தியானம் முழங்கை வீங்கியது. இரவு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி உருவிவிட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் மாலையில் ஐ.என்.ஆர். அறிக்கை வந்தது: 5.6. 'ரொம்ப ஜாஸ்தி, டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் மாத்திரை போடாதீங்க' என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். அன்று இரவும் அடுத்த நாள் இரவும் அசிட்ரோம் போடவில்லை. மூன்றாம் நாள் காலை, வலி தாங்காமல் எங்களிடம் வந்தார்.

பார்த்தபோது

முதலில் பத்தைக் கழுவ வேண்டியிருந்தது. அந்தச் சிவப்புக்கு அடியில் தோலின் நிறம் எதுவும் தெரியவில்லை. கழுவியதும் மேற்கையின் பாதியிலிருந்து முன்கையின் பாதி வரை கருநீலம். முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் சுமார் 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்கு விறைப்பான வீக்கம், தொட்டால் வலி. முழங்கைக்குக் கீழே சுற்றளவு வலது கையில் 27.5 செ.மீ., இடது கையில் 25.

இந்த மாதிரி வீக்கத்தைப் பார்த்ததும் 'ரத்தக்கட்டு, தானாகக் கரைந்துவிடும்' என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

ஒன்று தமனி. ஊசி தமனியைத் துளைத்திருந்தால், துளையைச் சுற்றி ரத்தம் தேங்கிப் போலி அனியூரிசம் உண்டாகலாம். வீக்கத்தின் மேல் விரலை வைத்தால் துடிக்கும், ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரைச்சல் கேட்கும். இவருக்குத் துடிப்பும் இல்லை, இரைச்சலும் இல்லை. மணிக்கட்டில் நாடி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. விரல் நுனிகள் சூடாக, ரத்த ஓட்டத்தோடு இருந்தன.

இரண்டாவது முன்கைத் தசை அறைகளில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்பது. ஏறியிருந்தால் முன்கை கல்லாக இறுகும். நாம் விரல்களைப் பிடித்து நீட்டினால் நோயாளி துடித்துப்போவார். அது சில மணி நேரத்துக்குள் கத்தி வைக்க வேண்டிய அவசரம். இவருடைய முன்கை மெத்தென்றுதான் இருந்தது, விரலை நீட்டியபோது கூடுதல் வலி இல்லை.

மூன்றாவது நரம்பு. இங்கேதான் சிக்கல் இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் பஞ்சால் தொட்டால் சரியாகத் தெரியவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னேன். நுனிகள் மடங்கவில்லை, விரல்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டன. மூன்று விரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று நினைப்பது சகஜம். மீன் வெட்டுகிறவருக்கு அதுவும் வரக்கூடியதுதான். ஆனால் இவருக்குக் கட்டைவிரலின் அடிப்பக்கத்து உள்ளங்கைத் தோலும் மரத்திருந்தது. அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடும். விரல் நுனிகளை மடக்கும் தசைகளுக்கான கிளைகளும் முன்கையிலேயே பிரிகின்றன. ஆகவே கோளாறு மணிக்கட்டில் இல்லை, அதற்கு மேலே, முழங்கை வழியாக இந்த மூன்று விரல்களுக்கும் இறங்கும் மீடியன் நரம்பில்.

ரத்த அழுத்தம் 128/78. காய்ச்சல் இல்லை. உலோக வால்வின் டிக் சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டு நாள் மாத்திரை விட்டிருந்த நிலையில் அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பேசும்போது இன்னொன்றும் தெரிந்தது. முந்தைய வாரம் மூட்டு வலிக்காக மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறார். அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாத வலி மாத்திரை வகை அது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும், வயிற்றிலும் ரத்தக்கசிவு உண்டாக்கும்.

சோதனைகள்

ஐ.என்.ஆர். மறுபடி பார்க்க வேண்டும். இடது கையில் டூர்னிக்கெட் கட்டினோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவியபோது, மடிப்பின் நடுவில், அழுத்தினால் எகிறிக் கொடுக்கும் நல்ல சிரை ஒன்று இருந்தது. ஒன்பது வருடமாக யாரும் தேடாத சிரை. 22 கேஜ் ஊசியில் ஒரே முயற்சியில், குறி வரை குழாய் நிறைந்தது. கையை நீட்டி வைத்துக் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தோம். துளி கசிவு இல்லை.

ஐ.என்.ஆர். 2.1. ஹீமோகுளோபின் 10.4, தட்டணுக்கள் 2.3 லட்சம், சிறுநீரகச் செயல்பாடு இயல்பு.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் 5.2 × 3.1 × 2.4 செ.மீ. அளவில் ரத்தக்கட்டு, கையின் முக்கியத் தமனியான பிரேக்கியல் தமனிக்கு உள்பக்கமாக, மீடியன் நரம்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு இருந்தது. தமனியில் துளை இல்லை, போலி அனியூரிசம் இல்லை, தமனிக்கும் சிரைக்கும் இடையே தவறான இணைப்பு எதுவும் இல்லை. இரண்டாவது ஊசி குத்திய சுண்டுவிரல் பக்கத்துச் சிரையில், அதாவது பசிலிக் சிரையில், சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு உறைவு. அதற்கு மேலே அக்குள் வரைக்கும், காரை எலும்புக்கு அடியிலும், ஆழ்சிரைகள் சுத்தமாக இருந்தன. பசிலிக் சிரை மேலே போய் அக்குள் சிரையாகவே தொடர்வதால், உறைவு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் விட முடியாது.

ஒரே ஊசியில், சிரைக்கு வெளியே ரத்தம் கசிந்து கட்டியிருக்கிறது. சிரைக்கு உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் மருந்து சாப்பிடுகிறவருக்கு உள்ளே எப்படி உறையும் என்று அவருடைய மகன் கேட்டார், நியாயமான கேள்வி. நூறு தடவை குத்துப்பட்ட கையில் இரண்டாவது முறை துழாவிய ஊசி, சிரையின் உள்சுவரைக் காயப்படுத்தும். வெளியே ரத்தக்கட்டு நசுக்கும்போது ஓட்டமும் நின்றுபோகும். அதோடு இரண்டு நாள் மருந்தும் இல்லை.

சிகிச்சை

முடிவெடுக்கக் கடினமான இடம் இதுதான். கையில் ரத்தம் கசிந்திருக்கிறது, நரம்பு நசுங்குகிறது. அசிட்ரோமை நிறுத்து என்று கை சொல்கிறது, நிறுத்தாதே என்று வால்வு சொல்கிறது. மைட்ரல் இடத்து உலோக வால்வும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்தவருக்கு மருந்து இல்லாத ஒவ்வொரு நாளும் ஆபத்துதான்.

வால்வு வைத்த இதயப் பிரிவோடும் அறுவை சிகிச்சை மருத்துவரோடும் பேசினோம். அசிட்ரோமின் வேலையை முறிக்கும் வைட்டமின் கே கொடுக்கவில்லை. ஐ.என்.ஆர். ஏற்கெனவே 2.1-க்கு இறங்கியிருந்தது, அதோடு வைட்டமின் கே கொடுத்தால் அடுத்த பல நாட்களுக்கு அசிட்ரோம் சரியாக வேலை செய்யாது. ரத்தம் உறைவதை உடனே தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் போடவில்லை. புது ரத்தக்கட்டு நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கும்போது அது கசிவைத் திரும்பத் தொடங்கிவிடலாம். அன்று இரவே பழைய அளவில் அசிட்ரோம் ஆரம்பித்தோம்.

ரத்தக்கட்டைக் கீறி எடுக்கலாமா என்ற கேள்விக்கு அறுவை சிகிச்சை மருத்துவர் சொன்னது: மரமரப்பு கூடினாலோ விரல் பலம் இன்னும் குறைந்தாலோ உடனே எடுப்போம், அப்படியே இருந்தால் காத்திருக்கலாம். வார்டில் இரண்டு நாள் படுக்க வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரல்களைச் சோதித்தார்கள். விரல் நுனி மடங்குகிறதா, முன்கை இறுகுகிறதா, சுற்றளவு ஏறுகிறதா. ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தார்கள். இரண்டாம் நாள் மாலை ஆள்காட்டி விரல் நுனி லேசாக மடங்கியது. கத்தி தேவைப்படவில்லை.

மற்றபடி எளிய சிகிச்சைதான். கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தது, வலிக்குப் பாரசிட்டமால், முதலில் குளிர் ஒத்தடம், புதிதாகக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகு மிதமான சூட்டில் ஒத்தடம். டைக்ளோஃபெனாக் வகை எதுவும் இனி கூடாது என்று நோட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தோம். எண்ணெய் போட்டு உருவுவதை நிறுத்தச் சொன்னோம். அக்கறையில் செய்ததுதான். ஆனால் அசிட்ரோம் சாப்பிடுகிறவரின் கையில் புதிய ரத்தக்கட்டை உருவிவிட்டால் அடைபட்ட துளை மறுபடி திறந்துகொள்ளும்.

ஏன் இப்படி ஆனது

அந்த இளைஞரைக் குற்றவாளி ஆக்கி இதை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. சிரை கிடைக்காத கையில் ரத்தம் எடுப்பது கஷ்டமான வேலை. காலை ஏழு முதல் ஒன்பது வரை தனி ஆளாக வரிசையைச் சமாளிக்கிற எவரையும் அவசரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் எந்தெந்தப் படியில் தடுத்திருக்கலாம் என்று பார்த்தால், ஊசி குத்துகிற கைத்திறனைவிட அதற்கு முந்தைய கேள்வியும் பிந்தைய ஐந்து நிமிடமும்தான் இங்கே தவறிப்போயின.

முழங்கை மடிப்பில் மூன்று சிரைகள் முக்கியம். கட்டைவிரல் பக்கம் செஃபாலிக், சுண்டுவிரல் பக்கம் பசிலிக், இரண்டையும் குறுக்காக இணைக்கும் மீடியன் கியூபிடல். ஆளுக்கு ஆள் அமைப்பு கொஞ்சம் மாறும். நடுவில் இருக்கும் மீடியன் கியூபிடல்தான் முதல் தேர்வு. பெரியது, அசையாது, அதற்கு அடியில் பைசெப்ஸ் தசையிலிருந்து வரும் தட்டையான நார்ப்படலம் ஒன்று தமனியையும் மீடியன் நரம்பையும் மூடிக் காக்கிறது. உள்பக்கம் போகப் போக அந்தப் பாதுகாப்பு குறைகிறது. பசிலிக் சிரைக்குப் பக்கத்திலேயே முன்கைத் தோலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, கொஞ்சம் ஆழத்தில் பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும். பசிலிக் நன்றாகத் தெரியும், அதனால் ஆசை காட்டும். ஆனால் அது கடைசித் தேர்வாக இருக்க வேண்டும். இரண்டு கையிலும் நடுச்சிரையை விரலால் தேடிப் பார்த்து, பிறகு வெளிப்பக்கச் சிரை, பிறகு புறங்கை, இவை எதுவும் இல்லையென்றால்தான் பசிலிக். இவருடைய இடது கையைத் தடவிப் பார்த்திருந்தால் போதும்.

'கரண்ட் அடிக்குது' என்று நோயாளி சொன்னால் அதற்கு ஒரே பதில்தான்: டூர்னிக்கெட்டை அவிழ், ஊசியை எடு. ரத்தம் வருகிற நேரமாக இருந்தாலும் சரி. ஊசி முனை நரம்பைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. உள்ளே வைத்துத் துழாவினால் தொட்டது கிழிசலாக மாறலாம். இவருடைய நல்ல நேரம், அந்த முதல் அதிர்ச்சி சில நிமிடத்தில் அடங்கிவிட்டது. விரல்கள் மரத்துப்போனது பல மணி நேரம் கழித்து. இந்த இடைவெளி முக்கியமானது. ஊசியே நரம்பை அறுத்திருந்தால் மரமரப்பு அப்போதே தொடங்கி அப்படியே நின்றிருக்கும். இங்கே வீக்கம் ஏற ஏற மரமரப்பும் ஏறியது, ஆகவே பெரும்பங்கு ரத்தக்கட்டின் அழுத்தம். நெரிபட்ட நரம்பு மீளும் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது இதனால்தான்.

சரி, ரத்தக்கட்டு ஏன் இவ்வளவு பெரிதானது? டூர்னிக்கெட் இரண்டு குத்துக்கும் சேர்த்து இறுக்கத்திலேயே இருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியே வைத்திருந்தால் சிரைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், முதல் துளையிலும் கசியும். கடைசியில் ஊசியை எடுத்த பிறகுதான் அதை அவிழ்த்ததாக நோயாளிக்கு ஞாபகம். வரிசை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும், முதலில் டூர்னிக்கெட், அப்புறம் ஊசி. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ரத்தம் எடுக்கும் நெறிமுறையிலும் இதே வரிசைதான்.

பிறகு கையை மடக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் பஞ்சை வைத்து 'மடக்கிக்குங்க' என்றுதான் சொல்கிறார்கள், நோயாளிகளும் சொல்லாமலே மடக்கிக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. தோலில் இருக்கும் துளையும் சிரையில் இருக்கும் துளையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, ஊசி சாய்வாகப் போனதால் சிரைத்துளை கொஞ்சம் மேலே இருக்கும். கையை மடக்கும்போது பஞ்சு நகரும், அழுத்தம் சிரைத்துளையின் மேல் விழாது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது, உள்ளே கசிந்துகொண்டிருக்கும். நீட்டியதும் அப்போதுதான் ஒட்டிய உறைவு பிய்ந்துபோகும். கையை நீட்டியபடி, கொஞ்சம் உயர்த்தி, மற்றக் கை விரல்களால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சாதாரணமானவருக்கு இரண்டு மூன்று நிமிடம். அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்குக் குறைந்தது ஐந்து நிமிடம், பிறகு பஞ்சைத் தூக்கிப் பார்த்து, வீங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் அனுப்ப வேண்டும். அன்று முழுக்க அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தூக்கும்போது கையின் சிரைகளில் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கேள்வி. பி.டி.-ஐ.என்.ஆர். சீட்டோடு வருகிறவர் ஏறக்குறைய எப்போதுமே ரத்தம் உறையாமல் மருந்து சாப்பிடுகிறவர்தான். சோதனையின் பெயரே பதில் சொல்லிவிடுகிறது. அந்தச் சீட்டைப் பார்த்ததும் 'இவருக்கு நீண்ட நேரம் அழுத்தணும்' என்று தோன்றும்படி பழக்கவேண்டும்.

அந்த 5.6

கைக்கு வந்த ஆபத்தைவிட எனக்கு அதிகம் கவலை தந்தது இந்த எண்.

ஐ.என்.ஆர். குழாயில் 0.3 மில்லி சோடியம் சிட்ரேட் இருக்கும், அதில் குறி வரை 2.7 மில்லி ரத்தம் சேர வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு. சிட்ரேட் ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோதனையில் அளந்து சேர்க்கும் கால்சியம் அதை ஈடுசெய்து உறைதலைத் தொடங்கும். ரத்தம் குறைவாக இருந்தால் சிட்ரேட் மிச்சமாகி, சேர்த்த கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறைய நேரமாகும். எண் பொய்யாக ஏறும்.

ஆய்வகத்தில் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்கள், அதற்கு நன்றி. குழாய் இன்னும் ரேக்கில் இருந்தது. சர்க்கரைக்கான சாம்பல் மூடிக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு, மிச்சம் இருந்ததைச் சிட்ரேட் குழாயில் விட்டிருக்கிறார்கள். குறியில் ஏறக்குறைய பாதிக்குத்தான் ரத்தம் இருந்தது. நிரப்பும் வரிசையில் சிட்ரேட் முதலில் வர வேண்டும், ஃப்ளோரைடு உள்ள சாம்பல் மூடி கடைசியில். இது சும்மா ஒரு சம்பிரதாயம் கிடையாது. பத்தில் ஒன்பது பங்காவது நிரம்பாத சிட்ரேட் குழாயைச் சோதனைக்கே எடுக்கக் கூடாது, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

உண்மையான எண் அன்று என்னவாக இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக்கும் இருந்ததால் கொஞ்சம் ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அசினோகூமரால் சீக்கிரம் உடலை விட்டுப் போகும் மருந்து, ஆகவே இரண்டு வேளை விட்ட பிறகு வந்த 2.1-ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடவும் முடியாது. ஆனால் பாதிக் குழாயில் வந்த எண்ணை நம்பி, உலோக வால்வு வைத்தவரிடம் 'மாத்திரை போடாதீங்க' என்று தொலைபேசியில் சொன்னது ஊசியைவிடப் பெரிய ஆபத்து. ஐ.என்.ஆர். உண்மையிலேயே ஏறியிருந்தாலும் எத்தனை வேளை நிறுத்துவது, எப்போது மறுபடி பார்ப்பது என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பிறகு

ஐந்தாம் நாள் ஐ.என்.ஆர். 2.7, இரண்டாவது வாரம் 3.0. பழைய அளவு மாத்திரையிலேயே அங்கு நின்றது. கருநீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மணிக்கட்டு வரை இறங்கி மறைந்தது. அது கீழே இறங்குவதைப் பார்த்து நோய் பரவுகிறதோ என்று பயந்து ஒருநாள் ஓடி வந்தார். ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்குவதுதான், பயம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

ஆறாவது வாரம் விரல் நுனிகள் முழுதாக மடங்கின. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் குறுகுறுப்பு இருந்தது. முழங்கையின் உள்பக்கம் பசிலிக் சிரை கயிறு போலத் தடித்து விரலுக்குத் தட்டுப்பட்டது, வலி இல்லை. ஸ்கேனில் உறைவின் நடுவே ரத்தம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது, மேலே ஏறவில்லை. மூன்றாவது மாதம் குறுகுறுப்பும் போய்விட்டது. அருவாமணையில் மீன் வெட்டும்போது பிடி வழுக்குகிறது என்று இடையில் சொல்லிக்கொண்டிருந்தவர், அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இப்போது மாதா மாதம் இடது கை நடுச்சிரையிலும் புறங்கையிலும் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் கையடக்கக் கருவி இவருக்குப் பொருத்தம்தான், ஆனால் கருவியின் விலையும் ஒவ்வொரு தடவைக்குமான பட்டையின் விலையும் அவர் வருமானத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அசிட்ரோம் சாப்பிடுகிறேன் என்று எழுதிய அட்டை ஒன்றைச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். ஐ.என்.ஆருக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால் ஏலத்துக்குப் போகும் நாளை விட்டுவிட்டு, வியாபாரம் இல்லாத நாளில் போகச் சொல்லியிருக்கிறோம். அந்த ஆய்வகத்தில் இப்போது பதிவுச் சீட்டிலேயே 'ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். உண்டு என்றால் தனி நாற்காலியில் உட்கார வைத்து, மணி பார்த்து அழுத்துகிறார்கள்.

இதை எழுத நோயாளி சம்மதம் கொடுத்திருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.